சிவகாசியில மழையா?

தீபாவளிக்கு நீங்களும் ராக்கெட் விட்டிருப்பீங்க. காலி பாட்டில்ல நிறுத்தி, திரியைப் பத்த வெச்சுட்டு நாலடி பின்னால ஓடியிருப்பீங்க. நேரா மேலே போனா கைதட்டல். எதிர்வீட்டு மாடிக்குள்ள புகுந்தா அதைவிடப் பெரிய கைதட்டல்! அது ஏன் கோணலாப் போச்சுன்னு என்னிக்காவது யோசிச்சதுண்டா? அதை யோசிக்கறதுக்கே மாசாமாசம் சம்பளம் கொடுக்கிற வேலை ஒண்ணு இருக்கு பாஸ். டி.ஆர்.டி.ஓ., அதாவது ராணுவத்துக்கான ஆராய்ச்சி வேலை.

அந்த வேலையில இருக்கிற ஒரு அண்ணன் லீவுக்கு ஊருக்கு வந்தார். சொந்த ஊர் சிவகாசி பக்கம் திருத்தங்கல். "என் வேலையைப் பத்தி ஆபீஸ்ல கேட்டா சொல்ல மாட்டேன். ஊருக்கு வா, காட்டறேன்" என்றார். பேரும் எந்த லேப் என்பதும் வேண்டாம் என்பது மட்டும் கண்டிஷன். வாங்க, நீங்களும் எங்களோட பஸ் ஏறுங்க.

முதல் ஸ்டாப்: ஒரு பவுடர்

மாட்டுத்தாவணியில் ஏறினோம். திருமங்கலம் வந்ததும் அண்ணன் ஜன்னல் பக்கம் கை காட்டினார். "மெப்கோ காலேஜ் தெரியுமில்ல? அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு?"

சிவகாசியில் 1984-ல் ஆரம்பித்த இன்ஜினீயரிங் காலேஜ் அது. படிக்கிறவங்கள்லயே பாதிப் பேருக்குப் பெயர்க் காரணம் தெரியாது. 'மெட்டல் பவுடர் கம்பெனி' என்பதன் சுருக்கம்தான் மெப்கோ. திருமங்கலத்தில் அலுமினியப் பவுடர் தயாரிக்கிற கம்பெனி. பட்டாசுக்கு வெள்ளை வெளிச்சமும் பெரிய சத்தமும் கொடுப்பது இந்தப் பவுடர்தான். மத்தாப்பில் பூப்பூவா உதிர்வதிலும் இது இருக்கு.

"ஏவுகணையோட திட எரிபொருளைப் பிரிச்சுப் பார்த்தா, அதுலயும் அலுமினியப் பவுடர் இருக்கும். கூடவே அமோனியம் பெர்குளோரேட்டும், எல்லாத்தையும் ரப்பர் மாதிரி பிடிச்சு வைக்கிற ஒரு பாலிமரும்" என்றார் அண்ணன். 1989 மே 22-ல் முதல் அக்னி கிளம்பிப் போனபோது அதன் முதல் அடுக்கில் எரிந்தது திட எரிபொருள்தான். எங்க ஊர் கம்பி மத்தாப்புக்கு அது தூரத்துச் சொந்தம்!

குட்டி ஜப்பானுக்கு முன்னால

விருதுநகரில் இறங்கினால் எண்ணெய் பரோட்டா சாப்பிடாம நகர முடியாது. பொரித்து எடுத்த பரோட்டாவை நொறுக்கி, மேலே சால்னா. அதை முடித்துவிட்டு காமராஜர் பிறந்த வீட்டைப் பார்த்தோம். சின்ன வீடு. "இவர் ஸ்கூல் திறந்து சோறும் போடலைன்னா எங்க அப்பா அஞ்சாவது வரைகூட வந்திருக்க மாட்டார். அவர் அஞ்சாவது படிச்சதாலதான் என்னை இன்ஜினீயரிங்ல சேர்த்தார்" என்றார் அண்ணன். அதுக்கு மேல அங்கே ஒண்ணும் பேசலை.

விருதுநகரைத் தாண்டினால் வெறும் கரிசல். சீமைக் கருவேலம். வானம் பார்த்த பூமி. இங்கே விவசாயத்தை வாழவிடாத அதே வெயில்தான் தீப்பெட்டியை வாழ வெச்சது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியில் இருந்து வண்ண மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை வந்தது. இன்னிக்கும் இங்கே 'நாக்பூர் லைசென்ஸ்' என்றால் டீக்கடைக்காரருக்கும் புரியும். வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருப்பதால் வந்த பேர்.

அதே மருந்து, வேற வேலை

இந்த ஊரில் வெடிமருந்து என்று முழுசாச் சொல்ல மாட்டாங்க. வெறும் 'மருந்து'. மருந்து கலக்குவது, மருந்து செலுத்துவது, மருந்து காய வைப்பது. ஒரு ஆலையின் கேட்டுக்கு வெளியே நின்று அண்ணன் உள்ளே காட்டினார். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன செட்கள். ஒண்ணு வெடிச்சா அடுத்தது பிடிக்கக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஒரு செட்டில் நாலு பேருக்கு மேல் கூடாது. இரும்புச் சாமான் கூடாது. நைலான் துணி கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் மண்ணுக்குப் போக, அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகணும்.

"எங்க லேப்லயும் இதே விதிதான். ஒரே வித்தியாசம், மருந்து கலக்கும்போது பக்கத்துல மனுஷன் இருக்க மாட்டான். கனமான கான்கிரீட் சுவர், அதுக்கு அந்தப் பக்கம் மிஷின். இந்தப் பக்கம் நான், ஒரு டி.வி. திரை."

"குண்டு செய்யற வேலையாண்ணே?" என்று நேரடியாவே கேட்டேன். உங்க மனசிலும் அது இருந்திருக்கும்.

கோபப்படவில்லை. "ஒரு ராக்கெட் பட்டாளத்துக்காரன் கையில இருக்கும்போது வெடிக்கக் கூடாது. லாரியில குலுங்கினாலும், ராஜஸ்தான் வெயில்ல கிடந்தாலும், லடாக் குளிர்ல உறைஞ்சாலும் வெடிக்கக் கூடாது. பல வருஷம் குடோன்ல கிடந்தபிறகு, வேணும்கிற அன்னிக்கு, வேணும்கிற இடத்துல மட்டும் வெடிக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் என் வேலை. எதைச் சுடணும்னு முடிவு பண்றது நான் இல்லை. அது ராத்திரி தூக்கத்துல வர்ற கேள்விதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

ஒரு கலவையை எடுத்துக்கிட்டா, மேலே இருந்து எடை விழுந்தால் எந்த உயரத்தில் தீப்பிடிக்கும், எவ்வளவு உரசினால் பிடிக்கும், எந்தச் சூட்டில் பிடிக்கும் என்று வருஷக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கணும். நூறு முறை ஒரே மாதிரி வந்தால்தான் நம்புவாங்க. சினிமாவில் காட்டுற மாதிரி சிவப்பு வயரும் கிடையாது, பச்சை வயரும் கிடையாது. நோட்டுப் புத்தகம்தான்.

மழை

வீட்டுக்குப் போனோம். அம்மா அப்பதான் ஆலையில் இருந்து வந்திருந்தாங்க. கை, முகம், காது மடல் எல்லாம் வெள்ளிப் பூச்சு. அதே அலுமினியம். இருபது வருஷம் சரவெடி பின்னினவங்க. 2018-ல் சுப்ரீம் கோர்ட் சரவெடிக்குத் தடை போட்டபிறகு புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துற வேலை.

"சாப்பிடுய்யா" என்று தட்டை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாங்க: "இவன் அங்க என்னதான் செய்யுறான்? கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். அங்கயும் வெடிதானய்யா?"

அண்ணன் சிரித்தார். அவரால் சொல்ல முடியாது. அரசு ரகசியச் சட்டம் 1923-ல் வந்தது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலுக்கும் ஏறக்குறைய அதே வயசு. ஒரே வீட்டில் இரண்டும் எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிடுது!

அம்மா கையலம்பப் போன நேரத்தில் அண்ணன் மெதுவாச் சொன்னார். "புனேயில ராத்திரி எழுந்து போன்ல பார்ப்பேன், சிவகாசியில மழையான்னு." அலுமினியமும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், உள்ளுக்குள்ளேயே மெல்லச் சூடேறும். யாரும் தொடாமலே தீப்பிடிக்கலாம். அதனால்தான் அன்னிக்குக் கலந்த மருந்தை அன்னிக்கே முடிக்கணும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. "இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க லேப் இருக்கு. எங்க அம்மாவுக்கு யாரு சொன்னா? பக்கத்து செட் வெடிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க."

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அன்னிக்கு முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவங்களே இல்லை. புகையைப் பார்த்து, காப்பாத்த ஓடிப்போன பக்கத்து ஊர்க்காரங்க. எரியுற குடோன் பக்கம் போகக் கூடாதுன்னு அவங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

அரசு விஞ்ஞானம் இந்த ஊருக்கு வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. வெடிபொருள் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இங்கே இருக்கு. டெல்லியில் காற்று கெட்டுப்போனதும் சி.எஸ்.ஐ.ஆர். - நீரி விஞ்ஞானிகள் பசுமைப் பட்டாசு கண்டுபிடித்தாங்க. புகைத்தூள் 30 சதவீதமாவது குறையணும் என்று இலக்கு வைத்து, 2019-ல் அதை வெளியிட்டாங்க. பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை வந்தது. நல்லதுதான். "டெல்லிக்காரன் மூச்சுக்காக இவ்வளவு செய்ய முடியுதுன்னா, எங்க அம்மா கைக்காக ஒரு சின்ன மிஷின் செய்ய முடியாதா?" என்கிறார் அண்ணன். செட்டுக்கு வெளியே நின்று மருந்து கலக்க ஒரு மலிவான மிஷின். ரிட்டயர் ஆனபிறகு செய்வேன் என்கிறார். அதுக்கு இன்னும் பல வருஷம் இருக்கு. அதுவரை காத்திருக்கணுமா? ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டிருக்கிற உங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுறேன்.

எப்படிச் சேரலாம்?

டி.ஆர்.டி.ஓ. 1958-ல் தொடங்கியது. நம்ம அப்துல் கலாமும் அதே வருஷம்தான் பாதுகாப்புத் துறை வேலைக்குள் நுழைந்தார். பி.இ. முடித்தவங்க நுழையும் பதவி 'விஞ்ஞானி பி'. ஆர்.ஏ.சி. என்ற தேர்வு மையம் கேட் மதிப்பெண்ணை வைத்துக் கூப்பிடும், பிறகு இன்டர்வியூ. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. காலியிடம் வருமா என்று காத்திருக்காமல், உங்க வேலையை மதிப்பிட்டே பதவி உயர்வு கிடைக்கும். வெடிமருந்து என்றால் புனே. டாங்கி என்றால் நம்ம ஆவடி. கெமிஸ்ட்ரி, கெமிக்கல் படிச்சவங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. வெடிபொருள் பாதுகாப்புத் துறை அதிகாரி பதவிக்கு யு.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும். அந்த வேலை கிடைச்சா இந்த செட் வாசல்களுக்கே நீங்க ஆய்வுக்கு வரலாம்.

காலை

மறுநாள் விடிகாலை ஆலை வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. அம்மா தூக்குவாளியோடு கிளம்பினாங்க. வேலையை விடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாச்சு. "சும்மா உக்கார்ந்தா கை மரத்துப்போகும்ய்யா" என்பதுதான் பதில்.

ராத்திரி லேசாத் தூறியிருந்தது. தெரு ஈரம். அண்ணன் வாசல் வரை போனார்.

"ம்மா, நேத்து மிச்சம் ஏதாவது இருந்தா தொடாதீங்க. போர்மேனைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

"சரிய்யா."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா வண்டி ஏறிட்டாங்க.