எந்திரம் ஏன் கொதிக்கிறது?

டீசல் எந்திரத்தில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழவுக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதியை நீர் சுமந்து சென்று, ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒப்படைப்பு எங்கே தடைபட்டாலும் எந்திரம் கொதிக்கும். சிறு டிராக்டரை நம்பி வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்று பலவாதலின், இதனைச் சற்று விரித்துரைப்பது தகும் என எண்ணுகிறோம். வேளாண் பண்ணை ஒன்றின் பொறுப்பில் ஏழாண்டுகள் இருந்த காலத்தில், செபப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக நாம் மிகுதியும் புரட்டியது டிராக்டரின் கைப்புத்தகத்தையே.

சென்ற ஐப்பசித் தொடக்கத்தில், குறுவை அறுவடை முடிந்து தாளடிக்கு நிலம் திருத்தும் நாள்களில், கைம்பெண் ஒருவர் மகனுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் வாங்கிய 18 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றே அக்குடும்பத்தின் வருவாய். இருபத்திரண்டு வயது மகன் அதனை வாடகைக்கு ஓட்டுகிறான். ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையைப் பூட்டி அரைமணி நேரம் ஓட்டினால் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போய்விடுகிறதாம். எந்திரத்தின் ஹெட்டைக் கழற்ற வேண்டும், 25,000 ரூபாய் ஆகலாம் என்று பட்டறையில் கூறியிருக்கிறார்கள். மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி ஒன்றுதான் வீட்டில் மீதி.

"இவன் முரட்டுத்தனமா ஓட்டுறான் சாமி. வண்டி எப்படித் தாங்கும்?" என்றார் தாய். மகன் மறுமொழி கூறாமல் வாசற்படியைப் பார்த்தபடி நின்றான். அவனது வலக்கை மணிக்கட்டில் புதிய தீப்புண் ஒன்று இருந்தது.

சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டு, மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் வயலுக்குச் சென்றோம்.

இத்தகைய வேளையில் நாம் கைக்கொள்ளும் முறை ஒன்றே: செலவில்லாததை முதலில் பார்ப்பது; வெளியே இருப்பதைப் பார்த்து முடிக்குமுன் உள்ளே இருப்பதைத் தொடாதிருப்பது. எந்திரம் முழுவதும் ஆறியிருக்கையில் நீரின் அளவைப் பார்த்தோம், குறைவில்லை. பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினோம். சுமார் 10 மில்லிமீட்டர் அமிழ்ந்தது, வழுக்கும் தளர்ச்சியில்லை. ரப்பர்க் குழாய்கள் உறுதியாக இருந்தன. எண்ணெய் அளவும் சரி. அது பால்போல் வெளுத்திருக்கவுமில்லை. எந்தக் கியரில் எவ்வளவு ஆழம் உழுகிறாய் என்று கேட்டபோது அவன் சொன்ன விடையிலும் முரட்டுத்தனம் ஏதும் தென்படவில்லை.

தீப்புண், கொதிக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்ததால் வந்தது. அம்மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காக்கும் கருவி. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அளவில் மூடி அடக்கி வைத்திருந்தால், ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழ, அவ்வளவு நீரும் ஒருங்கே பொங்கி முகத்திலும் கையிலும் பாய்கிறது. ரேடியேட்டரைத் தொட்டால் கை பொறுக்குமளவு ஆறும்வரை மூடியருகே எவரும் போகலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது பன்மடங்கு முக்கியம்.

இனி ரேடியேட்டருக்கு வருவோம். முன்புற வலை பளபளவென்று இருந்தது. "தினமும் சாயங்காலம் குழாய் வச்சுக் கழுவுறேன் சாமி" என்றான். வலையை உருவிவிட்டு, விசிறிப் பக்கம் கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லி முன்னாலிருந்து பார்த்தோம். மேற்பாதியில் ஒளி ஊசி ஊசியாகத் தெரிந்தது. கீழ்ப்பாதியில் ஒளியே இல்லை.

அறுவடை எந்திரம் போன வயலில் நெற்சுங்கும் வைக்கோல் தூளும் மாவுபோல் பறக்கும். விசிறி காற்றை முன்னிருந்து பின்னாக இழுப்பதால், வலையைக் கடந்த தூள் ரேடியேட்டர்த் தகடுகளின் இடுக்கில் தங்கும். அவன் நாள்தோறும் முன்புறமிருந்தே நீரைப் பீய்ச்சியதில் அது களிமண்ணோடு குழைந்து உள்ளே போய், எந்திரச் சூட்டில் சுவர்ப்பூச்சுபோல் இறுகிவிட்டது. சோம்பேறியாக இருந்திருந்தால் இவ்வளவு அடைத்திருக்காது என்று சொல்லிச் சிரித்தோம். அவனும் முதன்முறையாகச் சிரித்தான்.

1900ஆம் ஆண்டின் இறுதியில் செருமனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் மெர்சிடிஸ் வண்டிக்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர்ச் சதுரம். அத்தனை இடுக்குகளிலும் காற்று புகுந்ததால், சிறிதளவு நீரே ஒரு பெரிய எந்திரத்தைக் குளிர்விக்கப் போதுமானதாயிற்று. இன்றைய சிறு டிராக்டரின் ரேடியேட்டரும் அவ்வழி வந்ததே. நீர் நிரம்ப இருந்தும் இடுக்கு அடைபட்டால் அது வெறும் வெந்நீர்த் தொட்டி.

விசிறியின் உறையைக் கழற்றி, உலர்ந்த தூளை முதலில் காற்றடித்து நீக்கி, இறுகியதைச் சவுக்கார நீரில் ஊறவைத்தோம். பின்னர் விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில் நீர் பாய்ச்சினோம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிக் காற்று வழி மூடிக்கொள்ளும். உச்சிப்பொழுது வரை ஆயிற்று. ஒரு பாண்டு நிறையச் சேறு வந்தது.

இதற்கிடையே, எவரோ சொன்ன யோசனைப்படி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருப்பதாக அவன் சொன்னான். இந்த யோசனையை ஊருக்கு ஊர் கேட்கிறோம்; எமக்கு உடன்பாடில்லை. அஃதில்லாவிடில் எந்திரம் உரிய சூட்டை அடையாமல் ஓடி எண்ணெயைச் சரியாக எரிக்காது, தேய்மானமும் மிகும். சில அமைப்புகளில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுவதும் உண்டு. அதனைத் தாயின் அடுப்பில், நீர் நிறைந்த சட்டியில் நூலால் தொங்கவிட்டுச் சூடேற்றினோம். 71 பாகை என்று அதில் பொறித்திருந்தபடியே, அச்சூட்டை ஒட்டி அது வாய் திறந்தது. குழம்பை மறந்து தாய் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழ்துளைக் கிணற்று நீரை வடித்துவிட்டு, கைப்புத்தகம் சொன்ன அளவில் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து நிரப்பினோம். பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் உழுதான். முள் நடுவுக்குச் சற்று மேலே நின்றது, நகரவில்லை. தாய் வரப்பில் நின்று மோர் வார்த்தார். வழக்கமாகச் சாமியாருக்கே முதலில் தருவார்; அன்று முதல் குவளை மகனிடம் போயிற்று.

பட்டறைக்காரரை நாம் குறை கூறவில்லை. ஹெட் கேஸ்கெட் பழுதானாலும் எந்திரம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு: ஆறிய எந்திரத்தை மூடியில்லாமல் கிளப்பியதும் ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழிகள் எழும், எண்ணெய் வெளுக்கும், ஒழுக்கு தெரியாமலே நீர் குறையும், இனிப்பு நெடியோடு வெண்புகை வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாள் கடத்தாமல் பட்டறைக்குச் செல்க. சங்கிலியைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

முள் சிவப்பைத் தொட்டால் உடனே கலப்பையைத் தூக்கி, சுமையை நீக்கி, எந்திரத்தை மெதுவாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சட்டென நிறுத்தினால் நீரோட்டம் நின்று, ஹெட்டில் தேங்கிய சூடு போக வழியிராது. நீரே வெளியேறிவிட்டிருந்தால் மட்டும் உடனே நிறுத்துக. கொதித்த எந்திரத்தில் குளிர்ந்த நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

அந்த டிராக்டரின் ரேடியேட்டர்க் குழாய்களுக்குள் கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவு இன்னும் இருக்கிறது. தாளடி அறுவடை முடிந்ததும் அதனைக் கழற்றிச் சுத்தம் செய்வதாக இருக்கிறோம்.