தொலைக்காட்சியிற் கற்ற இரு பாடங்கள்

தொலைக்காட்சி மாணவரின் கல்வியைக் கெடுக்கும் என்று வகுப்பறையிற் பன்முறை கூறியுள்ளோம். அக்கூற்றை முற்றாக மீட்டுக்கொள்ளும் எண்ணமில்லை. எனினும், அதனிடம் நாமே இரு பாடங்கள் கற்றோம் என்பதை இவ்விழா மலரிலே ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் கோபுரம் நிற்பது 8,281 அடி உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியிலே. மலை அண்மையில் இருந்தும், பெட்டி எமக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. கார் பற்றரியில் இயங்கிய ஒரே பெட்டியின் முன் நாற்பது பேர் நெருங்கியிருந்து, மொழி விளங்காத சண்டைப் படங்களையும் வியந்து பார்த்தோம்.

எமது பாட்டனார் சிலம்பம் அறிந்தவர். திருவிழாக் காலங்களில் தப்பொலிக்கு ஏற்பக் கம்பு சுழற்றுவார். திரையிற் கண்ட வீரரைப் போலாக விரும்பி அவரிடம் சென்றோம். அவரோ கம்பைக் கையில் தரவில்லை. பல மாலை வேளைகளில் பெரட்டுக் களத்திலே காலடி வைக்க மட்டுமே பழக்கினார். “காலு நிக்கட்டும் தம்பி, கம்பு தானா சுத்தும்” என்பார். மூன்று காலடிகளோடு சலித்து விலகிவிட்டோம். ‘தோட்டத்துக் கிழவர் ஆடும் ஆட்டம்’ என்று நண்பரோடு நகைத்ததும் உண்டு.

ஆண்டுகள் பல கழிந்து, ஆசிரியரான பின்னர், சீனத்துச் சாவோலின் மடத்தைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைக் கண்டோம். அங்கே இளந்துறவியர் குதிரைமேல் அமர்ந்தாற்போல் முழங்கால் மடித்து அசையாது நின்றனர். கோலின் வேகம் நிலத்தில் ஊன்றிய காலிலே பிறந்து, இடை வழியாகத் தோளை அடைந்து, பின்னரே கைக்கும் கோலுக்கும் செல்கிறது என்று விளக்கினர். திடுக்கிட்டோம். பெரட்டுக் களத்திற் கேட்ட பாடமன்றோ இது!

மற்றொரு நாள் ஒரு சமையல் நிகழ்ச்சி. லான்சௌ நகரத்துச் சமையற்காரர் ஒருவர் கோதுமை மாவைப் பிசைந்து மூடிவைத்தார். பின்னர் எடுத்து, இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்து நூல் போன்ற இழைகளாக்கினார். பிசைந்தவுடன் மாவிலுள்ள பசைப்புரதம் இறுகி நிற்கும். சிறிது நேரம் ஆறவிட்டால் அது தளர்ந்து, அறுபடாமல் நீளும் என்றார். எம் அன்னையார் கொழுந்து பறித்துத் திரும்பிய மாலைகளில், ரொட்டிக்குக் குழைத்த மாவை ஈரத்துணியால் மூடிவைப்பார். பசிக்கிறதென்று நாம் அழுதால், “மா ஆறட்டும்” என்பார். அதை வெறுந் தாமதம் என்றே எண்ணியிருந்தோம். அதனுள் ஒரு நுட்பம் உண்டென்று அறிந்திலோம்.

அன்னையாரிடம் அன்றே இதனைச் சொன்னோம். “இதுக்கு டீவி பாக்கணுமா?” என்று சிரித்தார். பாட்டனாரிடம் சொல்ல வழியில்லை. அவர் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. நெற்றியளவு உயரமுள்ள அவரது கம்பு எம் வீட்டிலே இருக்கிறது. அவர் அறிந்த மற்றைக் காலடிகள் அவருடனேயே போயின.

மாணவச் செல்வங்களே! தொலைக்காட்சியும் கைப்பேசியும் உலகத்துக் கலைகளை வீட்டிற்கே கொணர்கின்றன, பாருங்கள். பார்த்தபின், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் சென்று, இது அவருக்குத் தெரியுமா என்று ஒருமுறை கேளுங்கள். எமக்குத் தெரிந்த மூன்று காலடிகளையும், கேட்டு வருவோர்க்குக் கற்பிக்கக் காத்திருக்கிறோம்.