வேலூருக்குப் புறப்படுமுன்

வங்கத்திலிருந்து மருத்துவத்திற்காக வேலூர் செல்வோர் தொகை சிறிதன்று. பெங்களூரு செல்லும் வண்டி நம் கரக்பூர் நிலையத்தில் வந்து நிற்கும்போது, பெரிய எக்ஸ்ரே உறைகளை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் அமர்ந்திருப்போரைக் கண்டாலே இது விளங்கும். 2018ஆம் ஆண்டு நாமும் அவ்வாறு சென்று வந்தோம். நம் துணைவியாருக்கு இதய வால்வு மாற்றும் அறுவை நடந்தது. சங்கத்து அன்பர்கள் சிலர் அவ்வூரைப் பற்றியும், புறப்படுமுன் செய்ய வேண்டுவன பற்றியும் அடிக்கடி கேட்பதால் இதனை எழுதலானோம்.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், பல ஆண்டு கழித்து இதய வால்வைக் கெடுப்பதுண்டு. நம் துணைவியாருக்கு நேர்ந்தது அதுவே. நிலையத்து மேம்பாலத்தைக் கடப்பதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். முதன்முறை வேலூர் சென்றபோது எல்லாப் பரிசோதனைகளையும் முடித்து, இரண்டு மாதம் கழித்து வருமாறு நாள் குறித்து அனுப்பினார்கள். அந்த இரண்டு மாதங்களில் செய்தவையே பின்னர் நமக்குத் துணை நின்றன.

முதலில் பல் மருத்துவரிடம் செல்லும்படி கூறினர். இதயத்திற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று நம் அன்னையார் வியந்தார். சொத்தைப் பல்லிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறிவிடுமாம். கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி, அப்புண் ஆறிய பின்னரே பயணம். இதனைக் கடைசி வாரத்திற்கு ஒத்திவைத்தல் ஆகாது. பின்பு, மூன்று குண்டுகள் கொண்ட ஒரு சிறு கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளிழுத்துக் குண்டுகளை எழுப்பிப் பழகச் சொன்னார்கள். அறுவைக்குப் பின் நெஞ்சில் சளி தங்காதிருக்க இப்பயிற்சி உதவும். ஐந்து வயது மகள் எதிரில் அமர்ந்து எண்ணிக்கை சொல்வாள். மூன்றாம் குண்டு எழுந்த நாளில் அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இவற்றினும் கடினமானது மூன்று வயது மகனைப் பழக்கியது. மார்பெலும்பைப் பிளந்து செய்யும் அறுவையாதலால், அவ்வெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமேனும் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கலாகாது. அவனோ தாயின் இடுப்பைவிட்டு இறங்காதவன். ஊரிலிருந்து திரும்பிய அன்று திடீரென்று ‘தூக்க மாட்டேன்’ என்றால் அவன் என்ன நினைப்பான்? ஆகவே இரண்டு மாதம் முன்பே தொடங்கினோம். அவர் நாற்காலியில் அமர்வார். அவன் அருகில் முக்காலியில் ஏறிச் சாய்ந்துகொள்வான். முதல் வாரம் முழுவதும் அழுகைதான். அதைக் கேட்டு அவர் அடுக்களைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். பின்னர் ‘அம்மா நாற்காலி’ என்று அவனே இழுத்து வந்து போடலானான்.

அடுக்களையும் மாறியது. மேல்தட்டிலிருந்த பாத்திரங்கள் இடுப்பளவிற்கு இறங்கின. பெரிய டின்னிலிருந்த அரிசி சிறு டப்பாக்களுக்குப் பிரிந்தது. குழந்தைகள் ‘காக்கிமா’ என்றழைக்கும் அடுத்த வீட்டு வங்காள அம்மையாரிடம் இருவரையும் ஒப்படைப்பதென முடிவாயிற்று. அதற்கு ஒத்திகையாகச் சில இரவுகள் அங்கேயே உறங்கினார்கள். உறவினர் ஆயிரம் காதத்துக்கு அப்பாலிருக்க, அண்டை வீட்டாரே நமக்கு உற்றார் என்பதைப் புலம்பெயர்ந்தோர் அறிவர்.

எந்த வால்வு என்பதையும் வீட்டிலிருந்தே முடிவு செய்தோம். செயற்கை வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். அம்மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யவல்லது. விலங்குத் திசு வால்விற்கு அத்தொல்லை குறைவு. ஆயினும் இளவயதினரிடத்தில் அது விரைவில் தேய்ந்து, மறு அறுவைக்கு வழி வைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி 1990 திசம்பரில் முதன்முதல் பொருத்தப்பட்ட நம் நாட்டுச் செயற்கை வால்வும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில், “இரண்டு பிள்ளைகள் போதும்; இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க வேண்டாம்” என்று துணைவியார் முடித்துவிட்டார்.

நம் தொழில் பற்றியும் ஒரு சொல். இதய அறுவைக்குச் செல்லும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் படுக்கை வகுப்புக் கட்டணத்தில் நான்கில் மூன்று பங்கு சலுகை உண்டு. மருத்துவர் கையொப்பமிட்ட உரிய படிவம் வேண்டும். இதனை அறியாது முழுக் கட்டணம் செலுத்துவோரைச் சாளரத்தின் இப்பக்கத்திலிருந்து பலமுறை கண்டிருக்கிறோம்.

ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் கடந்து காட்பாடியில் இறங்கினால், தாய்மண் நம்மை வங்க மொழியில் வரவேற்கிறது! மருத்துவமனைக்கு எதிரிலுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்க எழுத்தில். உணவகங்களில் கடுகெண்ணெய் மீன்குழம்பு. தமிழில் அறை கேட்ட நமக்கு விடுதிப் பையன் வங்காளத்திலேயே விடை சொன்னான். பல விடுதிகளில் அடுப்பும் பாத்திரமும் கிடைக்கும். உப்புக் குறைத்த சமையல் வேண்டுவோர்க்கு இது பேருதவி. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய சிகிச்சை நிலையம், இன்று ஊரையே தன்னைச் சுற்றி வளர்த்துக்கொண்டுள்ளது. இப்பொழுது இராணிப்பேட்டைப் பக்கம் மற்றொரு வளாகமும் இயங்குவதால், எந்த வளாகம் என்று கேட்டறிந்த பின்னரே விடுதி அமர்த்துக. காத்திருக்கும் நாள்களில் மாலை வேளையில் கோட்டைக்குச் செல்லலாம். அகழிநீரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்போரில் பலரும் நம்மைப் போல் யாருக்காகவோ காத்திருப்பவரே.

அறுவை அரங்கிற்குள் உலோகம் எதுவும் உடலில் இருத்தலாகாது. மெட்டியைச் சோப்பு நீர் விட்டுக் கரக்பூரிலேயே கழற்றிவிட்டோம். தாலி மட்டும் இருந்தது. ஊரிலிருந்து வேலூருக்கு வந்துவிட்ட அன்னையாரிடம் முதல்நாள் மாலையே சொன்னோம். “கழுத்து வெறுமையாகவா அனுப்புவது, தம்பி?” என்றார். மஞ்சள் கயிறாவது இருக்கட்டும் என்றார். திறக்கப் போவது மார்பாதலால் கயிற்றுக்கும் இடமில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தவர், பின் எழுந்து தம் கையாலேயே அதைக் கழற்றித் தம் கழுத்தில் அணிந்துகொண்டார். “வந்ததும் வாங்கிக்கொள், கண்ணு” என்று மருமகளிடம் கூறினார். நம் தந்தையார் மறைந்து ஒன்பது ஆண்டாகியிருந்தது. ஊரார் கண்டால் என்ன சொல்வர் என்பதை அவர் அப்போது நினைத்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சாதாரணப் பிரிவிற்கு மாற்றினார்கள். அன்று மாலை தாலியைத் திரும்ப அணிவித்தார். இரவில் விளக்கணைத்ததும் வால்வு ‘டிக் டிக்’ என்று மெல்ல ஒலிப்பது கேட்கும். வீடு திரும்பியபின் மகள் அதைக் கேட்டு, அம்மாவிற்குள் கடிகாரம் வைத்துவிட்டார்கள் என்றாள். இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டிய நாள்களை நம் பணிமுறைத் தாளுக்கருகில் ஒட்டியிருக்கிறோம். கீரையை விலக்கவில்லை, வாரந்தோறும் அளவு மாறாமல் உண்கிறார். மகன் எட்டாம் வாரத்திற்குப் பின்னும் நாற்காலியைத்தான் இழுத்து வந்தான்.