‘கவுன்சலிங்’ நடந்த சாலை: கிண்டி முதல் மத்திய கைலாஷ் வரை

சென்னையில் கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிப் போகும் சர்தார் பட்டேல் சாலையில், பேருந்தின் ஜன்னலோர சீட் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்தான். ஒரு பக்கம் கிண்டி தேசியப் பூங்காவின் மரங்கள், சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம். இன்னொரு பக்கம் அண்ணா பல்கலைக்கழகம். இன்னும் கொஞ்ச தூரத்தில் மத்திய கைலாஷ் கோயில் வருவதற்கு முன்பே ஐ.ஐ.டி.யின் மெயின் கேட் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தச் சாலைக்குத் தனி மரியாதை உண்டு. ‘அங்கே ஒரு சீட் கிடைத்தால் போதும்’ என்று வேண்டிக்கொள்ளும் பெற்றோர் அதிகம். சீட் கிடைத்த பிறகு, அந்த கேட்டுக்கு உள்ளே பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? காய்ச்சல் வந்தால், பயமாக இருந்தால், மனசு சரியில்லை என்றால் எங்கே போவது? அட்மிஷன் நாளில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகும் கேள்விகள் இவை.

சிவப்புக் கட்டடமும் ஒரு சொல்லும்

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் எல்லோரும் நின்று செல்ஃபி எடுக்கும் இடம், கிண்டி பொறியியல் கல்லூரியின் சிவப்புக் கட்டடம். 1794-ல் நில அளவைப் பள்ளியாக 8 மாணவர்களுடன் தொடங்கியது இந்தக் கல்லூரி. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது.

பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2017 வரை இந்த வளாகத்தில் நேரடியாகத்தான் நடந்தது. ஊர் ஊராக வேன் பிடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் மர நிழலில் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்தன. 2018 முதல் எல்லாம் ஆன்லைன். ஆனால், அந்த நாள்கள் ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கின்றன. ‘கவுன்சலிங்’ என்றால் இன்றும் பல வீடுகளில் ‘சீட் எடுப்பது’ என்றுதான் அர்த்தம்!

அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. மனம் கனக்கும்போது ஒருவரிடம் உட்கார்ந்து பேசுவது. அந்த கவுன்சலிங்குக்கும் கல்லூரிகளில் அறை இருக்கிறது. முதல் கவுன்சலிங்குக்கு மொத்தக் குடும்பமும் கூட வருகிறது. இரண்டாவதற்கு மாணவர் தனியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்கிப் பாதியிலேயே திரும்புபவர்களும் உண்டு.

2024 டிசம்பர் 23

அந்தத் தேதியின் இரவில், இந்த வளாகத்துக்குள் வெளியாள் ஒருவரால் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். நூற்றாண்டுகள் பழைய கல்லூரி, நகரத்தின் நடுவே, காவல் இருக்கும் கேட். அங்கேயே இப்படி என்றதும் தமிழ்நாடே அதிர்ந்தது.

விளக்கு, கேமரா, கூடுதல் காவலர், அடையாள அட்டைச் சோதனை என்று அடுத்த நாள்களில் எல்லோரும் பேசினார்கள். இவை எல்லாமே அவசியம். ஆனால், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அங்கே நடந்தது. மிரட்டலையும் மீறி, அந்த மாணவி புகார் கொடுத்தார். அந்தப் புகாரால்தான் வழக்கு வந்தது, கைது நடந்தது.

புகார் கொடுத்தவருக்கு நேர்ந்தது என்ன? முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து, அவருடைய விவரங்கள் வெளியாகின. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூன்று பேர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. விவரம் கசிந்ததற்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மாணவியிடம் கட்டணம் வாங்காமல் படிப்பைத் தொடரவிட வேண்டும், மனநல ஆலோசனை வழங்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று, குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் எந்தச் சலுகையும் இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது சென்னை மகளிர் நீதிமன்றம்.

ஒரு வளாகத்தின் பாதுகாப்பைக் கேமராக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. புகார் கொடுக்க வருபவரின் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்தவர் வருவார்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் உள் புகார் குழு இருக்க வேண்டும். கல்வி நிறுவனங்களும் இதில் அடக்கம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். புகார் தந்தவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தவறு.

காட்டுக்குள் ஓர் ஊர்

அங்கிருந்து பேருந்தில் சில நிமிடங்கள் போனால் ஐ.ஐ.டி. மெயின் கேட். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலம், ஏறத்தாழ 617 ஏக்கர். கேட்டைத் தாண்டியதும் சாலைக்கு ‘பான் அவென்யூ’ என்று பெயர். ஜெர்மனியின் பான் நகரம்தான் அது. வெயில் சட்டென்று குறைந்துவிடும். ஆலமர விழுதுகளுக்குக் கீழே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் வெளிமானையும் பார்க்கலாம். கையில் சாப்பாட்டுப் பை இருந்தால் குரங்குகளிடம் ஜாக்கிரதை!

இங்கே மாணவர்கள் பைக் வைத்துக்கொள்ள முடியாது. சைக்கிள், நடை, இல்லாவிட்டால் வளாகப் பேருந்து. இரண்டு யானைச் சிலைகள் நிற்கும் கஜேந்திரா சர்க்கிளைத் தாண்டிப் போனால் விடுதிகள். காவேரி, கோதாவரி, நர்மதா, தாமிரபரணி, சரயு, சபர்மதி என்று எல்லாம் நதிகளின் பெயர்கள்.

வளாகத்துக்குள்ளேயே மருத்துவமனை இருக்கிறது. மாணவர்கள், பேராசிரியர்கள், ஊழியர்கள், அவர்களுடைய குடும்பங்கள் எல்லோருக்கும் இதுதான் முதல் இடம். பள்ளிக்கூடம், வங்கி, கடைகள், கோயில் என எல்லாம் சேர்ந்த ஓர் ஊர்தான் இது.

ஒரே மெஸ், நூறு பேருக்குக் கொரோனா

ஊர் என்றால் ஊருக்கு வரும் நோயும் வரும். 2020 டிசம்பரில், பொதுமுடக்கத்துக்குப் பிறகு சில நூறு மாணவர்கள் மட்டும் விடுதிகளுக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு மெஸ் இயங்கியது. சில நாள்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா உறுதியானது.

துறைகளும் ஆய்வகங்களும் மூடப்பட்டன. விடுதியில் இருந்த எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. சாப்பாடு பொட்டலமாக அறைக்கே போனது. தொற்று வந்தவர்கள் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலைய வளாகத்தில் சிகிச்சை பெற்றார்கள். 2022 ஏப்ரலில் இன்னொரு முறை எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

விடுதி வாழ்க்கையில் ஒருவர் தும்மினால் அது பக்கத்து அறையின் விஷயமும்தான் என்பதை அந்த டிசம்பர் காட்டியது. அதனால், விடுதி பார்க்கப் போகும் பெற்றோர் அறையை மட்டும் பார்த்துவிட்டு வராமல், மெஸ்ஸையும் குடிநீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

மூடிய அறைக் கதவு

காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். மனச்சோர்வை எது காட்டும்?

ஊரிலேயே முதல் மார்க் வாங்கியவர்கள் சேரும் இடம் இது. எல்லோருமே முதல் மார்க்காக இருக்கும் வகுப்பில், யாராவது ஒருவர் கடைசியாகத்தானே வர முடியும்? வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பாடத்தில் தவறும்போது, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. மொழி, சாதி, பணம், ஆராய்ச்சி வழிகாட்டியோடு உறவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சுமை.

2023 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாணவர்களை இழந்தது சென்னை ஐ.ஐ.டி. அதன் பிறகு, ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரியும் எழுத்தாளருமான ஜி.திலகவதி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. இத்தனைக்கும் அங்கே ஆலோசகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நண்பன் என்று பொருள்படும் ‘மித்ர்’ என்ற பெயரில், மாணவர்களே மாணவர்களுக்குத் துணை நிற்கும் அமைப்பும் இருந்தது.

பல ஏக்கர் வளாகத்தில் மருத்துவமனைக்குப் போக ஆம்புலன்ஸ் உண்டு. விடுதி அறையிலிருந்து ஆலோசகரின் அறைக்குப் போக வாகனம் கிடையாது. அந்தத் தூரத்தைப் பக்கத்து அறை நண்பர் ஒருவரால் குறைக்க முடியும். ‘சாப்பிட வரலியே, என்னாச்சு? வா, நானும் கூட வர்றேன்’ என்ற ஒரு வார்த்தை போதும். வீட்டிலிருந்து போன் வரும்போது ‘எவ்வளவு மார்க்?’ என்பதற்கு முன்னால் ‘தூங்கினியா?’ என்று கேட்பதும் அதே வேலையைச் செய்யும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்கென வழிகாட்டுதல்களை வழங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எனவே, ‘உங்கள் கல்லூரியில் கவுன்சலர் யார்?’ என்று கேட்கும் உரிமை எந்த ஊர்ப் பெற்றோருக்கும் உண்டு.

ஒரு தந்தை, ஒரு சட்டம்

விடுதி என்றதும் பெற்றோருக்கு வரும் முதல் பயம் ராகிங். அந்தப் பயத்துக்குப் பின்னால் 1996 நவம்பர் இருக்கிறது. சிதம்பரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை பொன்னுசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தியவரின் பிள்ளைக்கு அந்தக் கதி!

அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 வந்தது. ராகிங் செய்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் வந்தன.

நாவரசு வழக்கில் கீழ் நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் 2001-ல் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தபோது ஆண்டு 2011.

சேர்க்கும் நாளில் ஒரு நடை

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் குடும்பம், பெட்டியை அறையில் வைத்ததும் கிளம்பிவிடாமல் ஒரு மணி நேரம் வளாகத்தைச் சுற்றி நடக்கலாம். எந்த ஊராக இருந்தாலும் இது பொருந்தும்.

• விடுதியிலிருந்து மருத்துவ மையத்துக்கு எத்தனை நிமிடம்? இரவில் டாக்டரோ நர்ஸோ இருப்பார்களா?

• நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் பாதையில் எங்கெல்லாம் இருட்டு? இதை மாலை ஆறரைக்கு மேல் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

• கவுன்சலரின் அறை எங்கே? பிள்ளையை அழைத்துப்போய்க் காட்டிவிட்டால், பிரச்னை வந்த நாளில் தேட வேண்டியதில்லை.

• உள் புகார் குழு, ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்களும் எண்களும் பலகையில் இருக்கின்றனவா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம்.

• காவலர், துப்புரவுப் பணியாளர், மெஸ் ஊழியர் ஆகியோரிடம் ஒரு வணக்கம். நள்ளிரவில் முதலில் உதவிக்கு வருபவர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான்.

வளாகத்துக்கு வெளியே உள்ள எண்களையும் போனில் ஏற்றிவிடலாம். ஆம்புலன்ஸுக்கு 108. பெண்கள் உதவிக்கு 181. ராகிங் புகாருக்கு 1800-180-5522. மனசு விட்டுப் பேச, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர், தமிழிலேயே பேசலாம். உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் 104. கல்லூரியில் சேரும் பல பிள்ளைகளுக்கு 18 வயது முடிந்திருக்காது. அவர்களுக்கு 1098-ம் உண்டு.

நடந்து முடித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தால், கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் அதே சாலையில்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.