முதலில் வந்தவர் ஜெயித்தவர் அல்ல! வைட் தீவின் விநோத படகுப் போட்டி

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து அதிவேக ஃபெர்ரியில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் வைட் தீவின் கவ்ஸ் ஊர் வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் இந்தச் சிற்றூர் விடியும் முன்பே விழித்துக்கொள்கிறது. கரையோரக் கோட்டையில் பீரங்கி முழங்க, நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் அணி அணியாகத் தீவைச் சுற்றக் கிளம்புகின்றன. தூரம், 50 கடல் மைல்.

அதிவேகப் படகுகள் இரண்டரை மணி நேரத்துக்குள் சுற்றி வந்ததுண்டு. 25 அடி நீள 'ஃபோக்போட்'டுக்கோ ஏறக்குறைய பகல் முழுக்க வேண்டும். பிறகு எப்படிப் போட்டி?

அங்கேதான் 'ஹேண்டிகேப்' வருகிறது. நீளம், எடை, பாயின் பரப்பு போன்றவற்றை வைத்து ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் தருவார்கள். எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். உதாரணமாக, 1.200 எண் கொண்ட பெரிய படகு 6 மணி நேரத்தில் வந்தால், கணக்கில் 7 மணி 12 நிமிடம். 0.850 கொண்ட சின்னப் படகு 8 மணி நேரம் எடுத்தாலும், 6 மணி 48 நிமிடம்தான். கோப்பை சின்னப் படகுக்கே!

1931-ல் நடந்த முதல் போட்டியிலேயே, 25 படகுகளில் வென்றது 22 அடி மீன்பிடிப் படகான 'மெர்ரி கன்சீட்'.

ஆனால், அந்த எண் படகைத்தான் அளக்கும், கடலை அளக்காது. நீடில்ஸ் பாறைகளைத் தாண்டுவதற்குள் நீரோட்டம் திரும்பிவிட்டால், பின்தங்கிய சின்னப் படகு திண்டாட வேண்டியதுதான். மாலையில் காற்று வலுத்தால், அதிர்ஷ்டம் அதன் பக்கம்.

எனவே, கவ்ஸ் போனால் முதல் படகு வந்ததும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஜெயிக்கப்போகிறவர் இன்னும் கடலில் இருக்கலாம்!