மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்?

மழை ஆரம்பிச்சாச்சு. பழனியில் இனி தைப்பூசம் முடிகிற வரைக்கும் எங்கள் ஓபி வாசலில் இருமல் சத்தம் ஓயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை, அது முடிந்தால் மார்கழிப் பனி, அதற்குள் பாதயாத்திரைக் கூட்டம். வீட்டில் கர்ப்பிணியோ, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியோ இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதலிலேயே சொல்லிடறேன், நான் மகப்பேறு நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் படித்துவிட்டு அரசு மருத்துவமனையில் ஓபியும் நைட் டூட்டியும் பார்க்கிறவள். ஆனால் காய்ச்சல் வந்த கர்ப்பிணி முதலில் வந்து உட்காருவது என்னைப் போன்ற டூட்டி டாக்டர் முன்னால்தான். அங்கே நான் அதிகம் கேட்கிற வாக்கியம்தான் மேலே தலைப்பில் இருப்பது.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஏழு மாசம் முடிந்த பெண். நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல். பக்கத்து மெடிக்கலில் மூணு நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். "ஏம்மா, எப்ப இருந்து இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டேன். அந்தப் பெண் "நேத்து..." என்றாள், அப்புறம் நிறுத்தி மூச்சு இழுத்தாள், "...சாயங்காலத்துல இருந்து மேடம்." மாமியார் இடையில் வந்து, "மாசமா இருக்கிறவளுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும் டாக்டரம்மா, எனக்கும் நாலு பிள்ளைக்கும் வாங்குச்சு" என்றார்.

விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் 91. ஒரு நிமிடத்துக்கு மூச்சு 34 தடவை.

மாமியார் சொன்னதில் பொய் இல்லை. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது உண்மைதான். வளர்கிற கர்ப்பப்பை, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தைக் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் மேலே தள்ளிவிடும். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் இருக்கிற காற்று, அதாவது நம்முடைய சேமிப்பு, சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். அதே நேரம் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். இதயம் வேறு 30 முதல் 50 சதவீதம் அதிகமாக ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். வரவு குறைவு, செலவு அதிகம், பேங்க்கில் இருப்பும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும்போது இந்தக் குடும்பம் எப்படியோ ஓடிவிடும். நடுவில் ஒரு நிமோனியா வந்தால் தாங்காது.

ஆனால் இரண்டு மூச்சுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கர்ப்பத்தால் வரும் மூச்சு வாங்கல் மாதக்கணக்கில் மெதுவாக வரும். மாடி ஏறினால் வாங்கும், உட்கார்ந்தால் அடங்கும். முழு வாக்கியம் பேச முடியும். கர்ப்பத்தில் மூச்சின் ஆழம்தான் கூடுமே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. நோயால் வருவது ஓரிரு நாளில் வரும், காய்ச்சலோ இருமலோ கூடவே இருக்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வாங்கும், பேச்சு பாதியில் நிற்கும். மொபைலில் ஒரு நிமிடம் டைமர் வைத்து வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை எண்ணுங்க. 24ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனை. 30 என்றால் அந்த நிமிடமே கிளம்பணும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் எங்காவது டிராயரில் கிடந்தால் எடுத்து பேட்டரி போடுங்க. மற்றவர்களுக்கு 94 என்றால் கொஞ்சம் பார்க்கலாம் என்போம். கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே போகவே கூடாது, ஏனென்றால் அந்த ரத்தத்தில் இருந்துதான் உள்ளே இருக்கிற குழந்தையும் ஆக்சிஜனை எடுக்கணும்.

அந்தப் பெண்ணுக்கு ஆக்சிஜன் வைத்து, டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஓசல்டாமிவிர் முதல் டோஸ் கொடுத்து, 108ல் திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். பல நாள் ஐசியூ. எட்டாம் மாசமே குழந்தையை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. குழந்தை இன்குபேட்டரில் இருந்து தேறியது. தாயும் பிழைத்தாள். சுழி போல எதுவும் காரணம் இல்லை, அன்று ராத்திரியே கிளம்பி வந்தார்கள், அவ்வளவுதான். விடியட்டும் என்று இருந்திருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஏன் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கவில்லை என்று சிலர் கேட்பீர்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஃப்ளூ வழிகாட்டுதலிலேயே கர்ப்பிணிகள் தனி வரிசை. லேசான அறிகுறி இருந்தாலே டெஸ்ட் இல்லாமல் மருந்தை ஆரம்பிக்கலாம் என்கிறது. அந்த மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். நாங்கள் ஐந்தாம் நாள் ஆரம்பிக்கிறோம் என்றால், நீங்கள் மெடிக்கலில் கழித்த நாட்கள்தான் நடுவில் போயிருக்கின்றன. (அதற்காக நீங்களே வாங்கிப் போட்டுக்காதீங்க. டாக்டர் சீட்டு வேணும்.)

இது புதுசாக வந்த பயமும் இல்லை. 1918 ஃப்ளூவில் கர்ப்பிணிகள் அதிகமாக இறந்ததை அந்தக் கால டாக்டர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2009ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம்தான், இறந்தவர்களில் அவர்கள் சுமார் 5 சதவீதம். கொரோனாவுக்கு நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வைத்து ஐசிஎம்ஆர் எடுத்த கணக்கில் முதல் அலையில் இறப்பு 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். 2021 மே மாதம் மதுரையில் எட்டு மாதக் கர்ப்பிணியான ஒரு அரசு மருத்துவர் கொரோனாவில் இறந்துபோனார். அப்போது கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி அனுமதி இல்லை. ஜூலை 2ஆம் தேதிதான் அனுமதி வந்தது. அந்த இரண்டு மாதம் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை.

சரி, காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்யலாம்? பாராசிட்டமால் போடலாம். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து காய்ச்சலோடு படுத்திருப்பதுதான் ஆகாது. முதல் மூன்று மாதத்தில் கடும் காய்ச்சலே குழந்தையின் தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கலாம். போடக்கூடாதது டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பேப்பரில் மடித்துத் தருகிற மாத்திரையில் எது எது இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக் இருக்கும். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

பிரசவம் முடிந்தால் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீங்க. ஃப்ளூவுக்கு, பிரசவமான இரண்டு வாரம் வரை கர்ப்பிணி மாதிரியேதான் கணக்கு. அது மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்தில் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைக்கிற ஆபத்து கர்ப்ப காலத்தைவிடவும் அதிகம். இன்னொன்று, இதயத் தசை பலவீனமாகிற ஒரு நோய், கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ வரும். ராத்திரி இருமல், நீட்டிப் படுத்தால் மூச்சுத் திணறல், எழுந்து உட்கார்ந்தால் பரவாயில்லை, காலில் வீக்கம். பார்க்கிறவர்களுக்கு "சளி கட்டியிருக்கு" என்றுதான் தோன்றும். நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்துவார்கள். பச்சை உடம்புக்காரிக்கு மூச்சுத் திணறல் என்றால் சளி என்று நீங்களாக முடிவு பண்ணாதீங்க. ஒரு எக்ஸ்ரே, இசிஜி, எக்கோ பார்த்துவிட்டு நாங்கள் சொல்கிறோம்.

நம்ம பக்கம் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணி அளந்து கொடுக்கிற பழக்கம் உண்டு. வயிறு போட்டுவிடும் என்பார்கள். காய்ச்சலும் சேர்ந்து உடம்பு வற்றினால் ரத்தம் உறைவது இன்னும் சுலபமாகும், பாலும் குறையும். தாகத்துக்குத் தண்ணி கொடுங்க பெரியவங்களே, பத்தியத்தைச் சாப்பாட்டில் வச்சுக்கலாம்.

அப்புறம் குழந்தை. ஆறு மாசம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அதற்குக் கிடைக்கிற பாதுகாப்பெல்லாம் கர்ப்பத்தில் தாயிடம் இருந்து வந்ததும் தாய்ப்பாலும்தான். அதனால் தாய்க்குச் சளி, காய்ச்சல் என்று பாலை நிறுத்தாதீங்க. முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் கொடுக்கலாம். குழந்தை பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டையே. மலைக்கு நடந்து வந்துவிட்டு, அப்படியே இறங்கி வந்து, "பாப்பாவைப் பார்த்துட்டுப் போயிடறோம்" என்று இருமிக்கொண்டே கன்னத்தில் முத்தம். பெரியவர்களுக்கு வெறும் மூக்கடைப்பாகப் போகிற ஆர்எஸ்வி என்கிற வைரஸ், ஒரு மாசக் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடும். தலைக்குக் குளிக்க வைத்து சாம்பிராணிப் புகை காட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, வாயில் விரலை விட்டுச் சளி எடுப்பது, இதெல்லாம் ஏற்கனவே சிரமப்படுகிற நுரையீரலுக்குத் தண்டனை. இரண்டு மாசத்துக்குள் இருக்கிற குழந்தை நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் இல்லை என்று ஆறுதல் தேடாதீங்க. பச்சைக் குழந்தைக்கு உடம்பு ஜில்லென்று ஆவதும் ஆபத்துதான்.

தடுப்பூசி பற்றி. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ தடுப்பூசியில் முதலிடம் கொடுக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் பரிந்துரைக்கிறது. செயலிழந்த வைரஸ் ஊசிதான், அதனால் ஃப்ளூ வராது, கையில் இரண்டு நாள் வலி இருக்கும். ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிக்கு டிடி ஊசிதான் இருக்கிறது, ஃப்ளூ இல்லை. சேர்க்கணும் என்பது என் கருத்து. அதுவரை செக்கப்புக்குப் போகும்போது உங்கள் டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ நீங்களே கேளுங்க. டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சத்துக்குப் போகும். சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பர். நமக்கும் அந்த மழைதான். அதனால் ஆவணி, புரட்டாசியிலேயே போட்டுவிட்டால் நல்லது. விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம்.

கடைசியாக ஒன்று. ராத்திரியில் 108க்கு அழைத்தால் "காய்ச்சல்" என்று ஆரம்பிக்காதீங்க. "கர்ப்பிணி, இத்தனாவது மாசம், மூச்சுத் திணறல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்க. மருத்துவமனை வந்தாலும் அதே வாக்கியம்தான். ஓபி சீட்டு வரிசையில் நிற்காதீங்க, நேராக எமர்ஜென்சிக்கு வாங்க. செக்கப் அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கோங்க, அதில் இருக்கிற பழைய பிபி, ரத்த அளவு எல்லாம் அந்த நேரத்தில் எங்களுக்கு வேணும்.