மண்டபத்தின் அடியில்

என்னைவிட்டு முதலில் போனது சத்தம்தான். லண்டன் சவுத்பாங்கில், குயீன் எலிசபெத் மண்டபத்தின் அடியில், தாழ்ந்த கொங்கிறீட் கூரையின் கீழே, ஸ்கேட்போர்ட் சக்கரங்கள் தளக்கற்களின் பொருத்துகளைத் தாண்டும் சத்தம். டக்-டக், டக்-டக். பலகையின் வால் நிலத்தில் ஓங்கி அறையும். பிறகு ஒன்றுமே கேட்காது. ஒன்றுமே கேட்காத அந்த அரை நொடி ஒரு பெடியன் காற்றில் இருக்கிறான் என்று அர்த்தம். நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கினால் அவன் தப்பினான். நான் இப்போது ரொறன்ரோவில், கம்பளம் விரித்த வீட்டில், இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் இருக்கிறேன். அமைதியான தெரு என்று சொல்லித்தான் இந்த வீட்டை விற்றார்கள். உண்மை. அமைதிதான்.

அந்த மண்டபம் 1967இல் திறக்கப்பட்டது, சாஸ்திரிய சங்கீதத்துக்காக. அதன் கீழே தூண்களும் சரிவுகளுமாக ஒரு வெற்றிடம் கிடந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் திட்டம் இருக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பலகையோடு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சரிவுகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. யாரும் அவர்களுக்காக அதைக் கட்டவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. பிறகு வந்த எங்கள் காலத்திலும் மேலே செலோ வாசிப்பார்கள், கீழே நாங்கள் விழுவோம். விழுந்து சுவரைப் பிடித்து எழும்பும்போது உள்ளங்கையில் மர ரேகை தட்டுப்படும். கொங்கிறீட் வார்த்தபோது அடித்த பலகைகளின் ரேகை அந்தச் சுவர்களில் அப்படியே பதிந்திருக்கிறது. அந்தச் சொரசொரப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. சுவர்தான் இல்லை.

பிறகு போனது பார்வை. பதினைந்து வயதில் நகரம் எனக்கு வேறாகத் தெரிந்தது. பளிங்குத் திட்டைக் கண்டால் அதில் மெழுகு பூசினால் எவ்வளவு தூரம் வழுக்கலாம் என்று மனம் அளக்கும். படிக்கட்டைக் கண்டால் எத்தனை படி, கீழே ஓட இடம் இருக்கிறதா, மழை காய்ந்துவிட்டதா என்று கண் தானாகத் தேடும். சனிக்கிழமைகளில் அலுவலகக் கட்டடங்களின் முற்றங்கள் எங்களுக்காகவே காலியாகக் கிடப்பதுபோல் இருக்கும். காவலாளி வந்து கத்துவார், நாங்கள் அடுத்த முற்றத்துக்குப் போவோம், அங்கிருந்து இன்னொன்றுக்கு, கடைசியில் எல்லாரும் ஆற்றங்கரைக்கே, அந்த மண்டபத்தடிக்கே, இருட்டும்வரை. இப்போது படிக்கட்டைக் கண்டால் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

கடை ஒன்று இருந்தது. கோவென்ட் கார்டனில், நீல்ஸ் யார்டில், ஸ்லாம் சிட்டி ஸ்கேட்ஸ். மேலே பலகையும் சக்கரமும் சப்பாத்தும். 1988 முதல் அதன் நிலவறையில் ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடை. வாங்கக் காசில்லாமல் மேலே பலகைகளைத் தடவிப் பார்ப்போம், கீழே இறங்கி இசைத்தட்டு உறைகளைத் தடவிப் பார்ப்போம். எங்களுக்கு இரண்டும் ஒரே கடைதான். சான் பிரான்சிஸ்கோவில் 1981இல் தொடங்கிய ‘த்ராஷர்’ இதழிலும் அப்படித்தான்: ஸ்கேட்டர்களின் படங்களோடு பங்க் இசைக்குழுக்களைப் பற்றியும் எழுதுவார்கள். 1983 முதல் அவர்களே ‘ஸ்கேட் ராக்’ என்று ஒலிநாடாக்களும் வெளியிட்டார்கள். அந்தக் கடைப் படிக்கட்டில், கீழே இருந்து மேலே ஏறிவரும் கிற்றார் இரைச்சலில், நான் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். அந்த நிலவறை 2007இல் மூடிவிட்டது. இன்று எல்லாப் பாட்டும் கைப்பேசியில் இருக்கிறது. நிற்பதற்குப் படிக்கட்டு இல்லை.

ஏன் பங்க்? வெளியே இருந்து பார்ப்பவர்கள் வேகம், கோபம் என்பார்கள். எங்களுக்கு அது அனுமதி. 1977 தொடக்கத்தில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. எந்தக் கம்பனியின் சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. வாஷிங்டனில், பின்னாளில் பங்க் பாடகர்களான இயன் மக்கேயும் ஹென்றி ரோலின்ஸும் மேடை ஏறுமுன் பலகை ஓட்டித் திரிந்த கூட்டாளிகள். கிற்றார் வாசிக்கப் பாடசாலை தேவையில்லை, பலகையில் ஏறப் பயிற்சியாளர் தேவையில்லை. பிழையாகத் தொடங்கலாம். எல்லார் முன்னாலும் விழலாம். குடியேறி வந்த வீட்டுப் பிள்ளைக்கு, எதையும் பிழைவிடாமல் செய்துகாட்ட வேண்டிய பிள்ளைக்கு, அது எவ்வளவு பெரிய மூச்சு என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

ஒரு குரல் இருந்தது. பிரிக்ஸ்டனில் இருந்து வருபவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் விழும் ஒவ்வொரு முறையும் தூணடியில் இருந்து கத்துவான்: ‘இன்னொரு தரம்!’ ஆறுதல் சொல்லமாட்டான், சிரிக்கவும் மாட்டான். நான் ஒருவழியாக இறங்கிவிட்டால், வாய் திறக்காமல் தன் பலகையின் வாலை நிலத்தில் தட்டுவான். எங்கள் கைதட்டல் அதுதான். ஒருவன் தட்ட, மற்றவர்கள் தட்ட, கூரை முழுக்க அதிரும். இப்போது என் வேலையைப் பாராட்டி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். நன்றி சொல்லிப் பதில் எழுதுகிறேன்.

வீட்டில் அம்மா காத்திருப்பார். ‘முழங்கால் திரும்பவும் உடைஞ்சிட்டுதோ?’ என்று கேட்டுக்கொண்டே சுடுதண்ணி எடுத்து வருவார். அப்பா முன்னறையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைப் பற்றி யாரோடாவது தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருப்பார். வேலியை, கிணற்றடியை, பனங்கூடலை ஒவ்வொன்றாகச் சொல்லி, நடுவில் நிறுத்திவிடுவார். அவருடைய இழப்போடு என்னுடையதை ஒரு தட்டில் வைக்க எனக்கு வாய் வராது. ஆனால் அவர் நிறுத்திய இடத்தில் இருந்த மௌனம் எனக்கு இப்போது தெரிகிறது. அவருக்கும் கேட்டிருக்கும், ஏதோ ஒரு சத்தம்.

என் இடம் அழியவில்லை. 2013இல் அங்கே கடைகள் கட்டவும் ஸ்கேட்டர்களைப் பக்கத்துப் பாலத்தடிக்கு மாற்றவும் திட்டம் வந்தபோது, பிள்ளைகள் மேசை போட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் திட்டத்துக்கு எதிராக 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் போய்ச் சேர்ந்தன. 2014 செப்டெம்பரில் இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு வந்தது. முன்பு அடைத்து மூடியிருந்த ஒரு பகுதியையும் நிதி திரட்டி மீட்டு 2019இல் திறந்தார்கள். படங்களைப் பார்த்து நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிறகு ஏன் இந்த ஏக்கம்? நல்ல பலகை கனடிய மேப்பிளை ஏழு படையாக ஒட்டிச் செய்வது. அந்த மரம் இங்கே என் வாசலிலேயே நிற்கிறது. தெருமுனையில் மாநகராட்சி கட்டிய வழவழப்பான ஸ்கேட் பூங்கா இருக்கிறது, விதிமுறைப் பலகையோடு. எல்லாம் இருக்கிறது.

ஆனால் அந்த மண்டபத்தடிக்கு ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதிவைக்காத சட்டம். முன்பு ஓடியவன் என்று யாருக்கும் அங்கே உரிமை கிடையாது. இன்று பலகையில் நிற்பவனுக்கே இடம். பங்க் மேடையும் அப்படித்தான், இன்று வாசிப்பவனுக்கே மேடை. அந்தப் பிள்ளைகள் காப்பாற்றியது என்னுடையதை அல்ல, தங்களுடையதை. அதுதான் நியாயம். பதினைந்து வயதில் எனக்கும் இடம் கிடைத்தது இந்தச் சட்டத்தால்தான். அன்று அதை நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். இன்று அது என்னை வெளியே நிறுத்துகிறது.